பிரான்சில் நான் கிள்ளிய கொழுந்து

இலங்கையின் மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்துத் துரையின் சமையல்காரனாக, பிரான்சில் ஆற்றங்கரையிலுள்ள பழைய வைன் நகரமொன்றுக்குப் போயிருந்தேன். மூன்று வாரம் தமிழ் பேச ஆளில்லை. சட்டியோடு பேசிப் பார்த்தேன். அதுவும் அந்த ஊர்ச் சட்டி.

ஒரு காலை, திராட்சைத் தோட்டத்தில் பெண்கள் முதுகில் கூடையோடு நிற்கக் கண்டதும், காலிக் கூடையொன்றை மாட்டிக்கொண்டு நானும் நிரையில் புகுந்தேன். சமையலுக்கு வருமுன் தேயிலை கிள்ளிய பழக்கத்தில், கை இளந்தளிராகக் கிள்ளித் தள்ளியது. பக்கத்து நிரைக்காரி எட்டிப் பார்த்துத் தலையில் கைவைத்தாள். கூடையில் ஒரு பழமும் இல்லை.

“கோவிச்சுக்காதீங்கக்கா, எங்க ஊருல கொழுந்துதான் எடுப்போம். செத்துப்போன எம் பொஞ்சாதியும் இப்புடித்தான் கூடை போடுவா,” என்றேன்.

அவள் சிரித்து, ஒரு திராட்சைக் குலையைத் தந்தாள். அவ்வளவுதான், அழுகையும் பேச்சுமாகக் கொட்டிவிட்டேன். ஒரு சொல்லும் புரியாமல் கடைசிவரை தலையாட்டினாள்.

ஊரில் இப்போது மனைவியைப் பற்றிப் பேச்செடுத்தால், “நேத்தும் இதத்தான் சொன்னீங்கண்ணே,” என்று எழுந்து போகிறார்கள். இவர்களுக்கெல்லாம் தமிழ் நன்றாகப் புரிகிறது.