காபி இல்லாத வகுப்பு

தேநீர் அறைக்குள் ஆசிரியர்கள் வருவதில்லை. மணியை அழுத்துவார்கள், நான் போவேன். முனைவர் பட்டம் பெற்ற பெண்ணை நாங்கள் தக்தூரா என்போம். தக்தூரா விஜ்தான் ஒரு நாள் தாமே வந்தார். கதவோரம் நின்று, "அபூ நிஸார், வகுப்புல நடந்தது பாடத்துக்காக. உங்க வேலை உங்களோடதுதான்" என்றார். அடுப்பில் பாத்திரம் தளதளத்துக்கொண்டிருந்தது. அதையும் ஒரு பார்வை பார்த்து, "தண்ணி கொதிக்குது பாருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

அன்று காலை அவருடைய மாணவன் ஒருவன் என்னை வேலையிலிருந்து நீக்கியிருந்தான். நடிப்புக்குத்தான். ஆட்களை வேலைக்கு எடுப்பது, வைத்துக்கொள்வது, அனுப்புவது, இதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. மனிதவள மேலாண்மை என்று பெயர். அதில் அனுப்பும் பாடத்துக்கு எதிரே உட்கார ஓர் ஆள் வேண்டும். மாணவர்களையே விட்டால் சிரிப்பில் முடிகிறது என்று, மூன்றாம் மாடியில் தேநீர் போட்டு, அலுவலகக் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுக்கும் என்னைக் கூப்பிட்டார். போய் உட்கார்ந்தேன். அந்தப் பையன் சொன்னான். வாயிலிருந்து போன சொல் எங்கே போய் எழுதப்படுமோ என்று பயப்படுகிறவன் நான். லுஹர் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்த ஸஜ்தாவிலிருந்து எழ மனம் வரவில்லை. என் முகத்தைப் பார்த்தே தக்தூரா தெரிந்துகொண்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் பாடம் முடிந்ததும் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று அதைச் சொல்லித்தான் என்னை அனுப்புவார். "உங்க வேலை உங்களோடதுதான். போங்க, தண்ணி கொதிக்குது." மாணவர்களும் சேர்ந்து சொல்வார்கள். வருடத்துக்கு இரண்டு முறை, பத்தொன்பது வருடம். இந்த நாட்டில் என்னைவிட அதிகத் தடவை வேலை போனவன் இருக்க மாட்டான். அல்ஹம்துலில்லாஹ், இன்றைக்கும் அதே மூன்றாம் மாடியில்தான் தேநீர் போடுகிறேன்.

தக்தூரா அஜ்லூன் மலையிலிருந்து முதல் பஸ்ஸில் வருவார். எட்டு மணி வகுப்புக்கு ஏழு மணிக்கே வந்து, ஜன்னலோரம் நின்றபடி ரொட்டியில் ஸஅதர் மூலிகைப் பொடி தூவிச் சாப்பிடுவார். உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. எழுதுவது எல்லாம் பென்சிலில். "அழிக்க முடியாததை எழுத எனக்குத் தைரியம் கிடையாது" என்பார். ஆலிவ் பறிக்கும் மாதத்தில் இரண்டு கையிலும் கீறல் இருக்கும். அந்தக் கையோடு கரும்பலகையில் எழுதுவார், மாணவிகள் பார்ப்பார்கள், மறைக்க மாட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, தங்கையும் அவள் பிள்ளைகளும் கூட இருந்தார்கள். அந்த வீடு அவர் சம்பளத்தில் ஓடியது.

வேலைக்குச் சேர்ந்த வாரமே தம் அறையிலிருந்த சுழல் நாற்காலியைக் கிடங்குக்கு அனுப்பிவிட்டார். வீட்டிலிருந்து, வைக்கோல் பின்னிய மர நாற்காலிகள் இரண்டை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்து போட்டார். இரண்டும் ஒரே உயரம். அவரோடு அதே வருடம் சேர்ந்த டாக்டர் ரஸ்மி எட்டிப் பார்த்து, "என்ன விஜ்தான், காபிக் கடை போடப் போறியா?" என்று கேட்டார். "வர்றவங்க என்னை நிமிர்ந்து பாக்க வேண்டாம், நான் அவங்களைக் குனிஞ்சு பாக்க வேண்டாம். அவ்வளவுதான்" என்றார் தக்தூரா. ரஸ்மி பிறகு டீன் ஆனார். நாற்காலிகள் அப்படியே இருந்தன.

அனுப்பும் பாடத்தை மாணவர்கள் காபி இல்லாத வகுப்பு என்பார்கள். அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பிள்ளைகளுக்கு ஒருவர் எதிரில் வந்து உட்கார்ந்தால் நேராக விஷயத்துக்குப் போக வராது. உடம்பு எப்படி, பிள்ளைகள் எப்படி, அப்பாவின் முழங்கால் வலி எப்படி என்று கேட்டு, காபி கொடுத்து, குடித்து முடித்தபிறகு மெல்ல ஆரம்பிப்பார்கள். முதல் வருடம் ஒரு பையன் அப்படித்தான் செய்தான். நானும் ஏலக்காய் மணக்க மணக்கக் குடித்துவிட்டு, சம்பளம்தான் கூடப்போகிறது என்கிற முகத்தோடு உட்கார்ந்திருந்தேன். வகுப்பே சிரித்தது. தக்தூரா சிரிக்கவில்லை.

"பொண்ணு கேட்டுப் போறவங்க காபிய எப்போ குடிக்கிறாங்க?" என்று அவனிடம் கேட்டார். "அந்த வீட்டுக்காரர் சரின்னு சொன்ன பிறகு," என்றான். "அப்போ, குடிச்சாச்சுன்னா நல்லது நடந்துடுச்சுன்னு அர்த்தம். நீ அவரைக் குடிக்க வச்சிட்டு வேலைய எடுக்கிற. இது மரியாதை இல்ல, ஏமாத்து."

அதிலிருந்து அவருடைய விதிகள் வந்தன. வெறுங்கையோடு போக வேண்டும். கதவை மூட வேண்டும். எதிராளியின் உயரத்திலேயே உட்கார வேண்டும். விஷயம் முதல் வாக்கியத்திலேயே வந்துவிட வேண்டும். பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அந்த இடத்தில்தான் எனக்கு ஒரு வாக்கியம் இருந்தது: "வீட்ல போய் என்ன சொல்வேன்?" நான் அதைக் கேட்டதும் பிள்ளைகள் பதறிப்போய் ஏதேதோ ஆறுதல் சொல்வார்கள். "பதில் உன்கிட்ட இல்ல. இருக்கிற மாதிரி பேசாதே. அவர் எழுந்திருக்கிற வரைக்கும் நீ எழுந்திருக்காதே" என்பார் தக்தூரா. எல்லா விதிகளிலும் இதுதான் பிள்ளைகளுக்குக் கஷ்டம். பாதிப் பேர் நான் எழுவதற்கு முன்பே எழுந்துவிடுவார்கள்.

பாடத்தின் முடிவில் ஒரு சம்பவம் சொல்வார். ஒரு தையல் தொழிற்சாலை. நாற்பது பேரை நீக்கிப் பட்டியல் போட்டு, அங்கே ஆள் சேர்க்கும் பிரிவிலிருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்தார்கள். அவள் அதை வாசல் கதவில் ஒட்டிவிட்டுப் பின்வாசல் வழியாக உள்ளே போய்விட்டாள். பட்டியலில் பெயர் இருந்தவர்களில் உம்மு ரஅத் என்று ஒருத்தி. எழுதப் படிக்கத் தெரியாது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வழக்கம்போல் உள்ளே வந்து தன் மெஷினில் உட்கார்ந்து சட்டைக் கழுத்து தைக்க ஆரம்பித்தாள். மத்தியானம் வரை தைத்தாள். பக்கத்து மெஷின்காரிகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒருவரும் சொல்லவில்லை. இந்த இடத்தோடு தக்தூரா புத்தகத்தை மூடிவிடுவார்.

பத்தொன்பது வருடமும் அவர் உதவிப் பேராசிரியராகவே இருந்தார். மேலே போகக் கட்டுரைகள் அச்சாக வேண்டுமாம். கூடச் சேர்ந்தவர்கள் வருடத்துக்கு இரண்டு மூன்று என்று போட்டார்கள். இவர் அந்தத் தையல்காரப் பெண்களைத் தேடிப் போய்ப் பேசி எழுதிய ஒரே கட்டுரையைத் திரும்பத் திரும்ப அனுப்பினார். அது திரும்பத் திரும்ப வந்தது. உறையை வாங்கி வைத்துக்கொண்டு, "இன்னும் அழிச்சு எழுத இடம் இருக்கு" என்பார். ஆனால் அவரிடம் படித்தவர்கள் ஊரெல்லாம் ஆட்களை எடுக்கும் இடத்தில் இருக்கிறார்கள். சில நாள் போன் வரும். எதிர்முனையில் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "கதவை மூடினியா?" என்று மட்டும் கேட்பார்.

போன வருடம் மே மாதம் பல்கலைக்கழகத்தில் மாணவர் சேர்க்கை குறைந்தது. வருட ஒப்பந்தம் யாருக்கு நீளும், யாருக்கு நிற்கும் என்று மாடிக்கு மாடி பேச்சு. கட்டுரை இல்லாதவர்கள் முதலில் போவார்கள் என்றார்கள். தக்தூரா பென்சிலை மட்டும் அடிக்கடி சீவினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை டீன் கூப்பிட்டு ஓர் உறையை நீட்டினார். ஒப்பந்தம் நிற்கிறது என்கிற கடிதம், மேலே தக்தூராவின் பெயர். "பத்து மணிக்கு அவங்க வகுப்புல இருப்பாங்க. அப்போ போய் மேசைல வச்சிடு. கையெழுத்து நாளைக்கு வாங்கிக்கலாம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு மேலேயும் ஆட்கள் இருக்கிறார்கள். பத்தொன்பது வருடம் தெரிந்த ஒருவரிடம் போய் அதைச் சொல்ல எல்லாருக்கும் கால் எழுந்துவிடாது.

தக்தூராவின் அறைக்குப் போனேன். மேசையில் உறையை வைத்தேன். பக்கத்தில் பாதி சீவிய பென்சில் கிடந்தது. கதவு வரை வந்தேன். தைத்துக்கொண்டே இருந்த அந்தப் பெண் நினைவுக்கு வந்தாள். திரும்பிப் போய் உறையை எடுத்து, கடிதம் வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடும் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்.

பத்து மணிக்கு அவர் எடுத்தது அதே பாடம். நான் போய்த்தான் ஆக வேண்டும். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முஹன்னத் என்கிற பையன், நல்ல பிள்ளை, கதவை மூடினான், உட்கார்ந்தான், முதல் வாக்கியத்திலேயே சொன்னான். ஒரு குறை இல்லை. என் வாக்கியம் வர வேண்டிய இடம் வந்தது. அதை விட்டுவிட்டு மடியிலிருந்த புத்தகத்தையே பார்த்தேன். அவன் அப்படியே காத்திருந்தான். கடைசியில் நான் எழுந்தேன், பிறகு அவன் எழுந்தான். தக்தூரா அவனைப் பாராட்டிவிட்டு, "அபூ நிஸார் இன்னிக்குத்தான் நிஜமா நடிச்சிருக்கார்" என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். வழக்கமான வார்த்தையைச் சொல்லி என்னை அனுப்பினார்.

வகுப்பு முடிந்து அவர் அறைக்கு வந்ததும் நான் காபி கொண்டு போவது வழக்கம். அன்று பிஸ்மில்லாஹ் சொல்லிக்கொண்டு வெறுங்கையாகப் போனேன். கக்கத்தில் புத்தகம் மட்டும். உள்ளே போய்க் கதவை மூடினேன். அந்த அறைக் கதவை நான் மூடியதே இல்லை. அவர் முதலில் என் கைகளைத்தான் பார்த்தார். பிறகு கதவை. கையிலிருந்த பென்சிலை மெதுவாக மேசையில் வைத்தார்.

எதிரிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். "தக்தூரா, உங்க ஒப்பந்தத்தை நீட்டிக்கல" என்றேன். அதற்கு மேல் எனக்கு வராது, வரவும் கூடாது.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே யாரோ மணியை அழுத்தினார்கள், தேநீருக்கு. மறுபடி அழுத்தினார்கள். நான் அசையவில்லை. முக்காட்டின் ஓரத்தை இழுத்துச் சரி செய்தார். தங்கை பிள்ளைகளின் படம் சுவரில் இருந்தது, அதைப் பார்த்தார். பிறகு வகுப்பில் பேசும் அதே தாழ்ந்த குரலில் சொன்னார்.

"அந்தப் பட்டியலை ஒட்டினது நான்தான், அபூ நிஸார். மாடிக் கண்ணாடி வழியா உம்மு ரஅத்தைப் பாத்துக்கிட்டே நின்னேன். இறங்கிப் போய் ஒரு வார்த்தை சொல்லல."

பதில் என்னிடம் இல்லை. அவர் கையை நீட்டினார், புத்தகத்தைக் கொடுத்தேன். பென்சிலை எடுத்தார், வைத்துவிட்டு என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு எழுந்தார். அவர் எழுந்தபிறகு நான் எழுந்தேன்.

"இப்போ காபி கொண்டு வாங்க," என்றார். "ரெண்டு கப்பா."

மறுநாள் டீன் கூப்பிட்டார். "வைக்கத்தானே சொன்னேன். உன்னை யாரு அங்க உட்காரச் சொன்னது?" என்றார். பெரிய மனிதர்களின் வேலையைத் தேநீர் போடுகிறவன் செய்தால் அவனுடைய வேலையை யார் செய்வது என்றும், அடுத்த மாதம் அதைப் பற்றி யோசிக்கலாம் என்றும் சொன்னார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். செயலாளர் அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் வழியாக அது தக்தூராவுக்கும் போயிருக்கும்.

ஆகஸ்ட் முடிவில் அவர் அறையைக் காலி செய்தார். புத்தகங்களை ஏற்கெனவே மாணவர்கள் கொண்டுபோயிருந்தார்கள். ஒரு பையும் இரண்டு நாற்காலிகளும்தான் மிச்சம். ஒரு நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு தேநீர் அறைக்கு வந்தார். நான் உட்காரும் காலிப் பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் நாற்காலியைப் போட்டார். இன்னொன்றை நான் தூக்கிக்கொண்டு வாசல் வரை நடந்தேன்.

வெயிலில் அஜ்லூன் பஸ் நின்றுகொண்டிருந்தது. நாற்காலியைப் பின்னால் ஏற்றிக் கொடுத்தேன். அல்லாஹ் உங்கள் வாழ்வாதாரத்தை விரிவாக்குவானாக என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அவர் படியில் ஒரு காலை வைத்து, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, திரும்பி என்னைப் பார்த்தார்.

"உங்க வேலை உங்களோடதுதான், அபூ நிஸார். போங்க, தண்ணி கொதிக்குது."