எட்டு இஞ்சு சுவரின் உண்மைப் பருமன்

நாள்காட்டித் தாளின் பின்புறம், ஜூலை மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் எழுதி வைத்த குறிப்பு இது: "முத்தியால்பேட்டை வீடு, கூடத்துச் சுவர். பெயர் ஒன்பது இஞ்சு. அளந்தால் பத்து." இரண்டு பக்கப் பூச்சையும் சேர்த்து அளந்திருந்தேன். அளந்து எழுதச் சொன்னவள் என் மனைவி.

அவள் சிவில் படித்தவள். அமெரிக்கக் கட்டடங்களுக்கு இங்கிருந்தே வரைபடம் போட்டு அனுப்பும் அலுவலகத்தில் பல வருடங்களாகக் கோடு போட்டவள். பிறர் போட்ட கோட்டைச் சரிபார்க்கும் நாற்காலி வேண்டுமென்றால் அந்த நாட்டுப் பொறியியல் தேர்வில் தேற வேண்டும். ஒரு முறை தவறிவிட்டாள். மறுபடியும் தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக அலுவலகத்தில் மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள்.

அவளை வீழ்த்தியது ஒரு சுவர். ஹாலோ பிளாக்கை அடுக்கி, துளைக்குள் கம்பியை நிறுத்தி, கான்கிரீட் ஊற்றிய சுவர். காற்று தள்ளும்போது அது எவ்வளவு வளைவைத் தாங்கும் என்று கணக்கிட வேண்டும். எங்கள் தெருவில் அப்படியொன்றை யாரும் கட்டிப் பார்த்ததில்லை. இங்கே பாரத்தைத் தூண் சுமக்கும். சுவர் சும்மா நிற்கும்.

மாடியில் இருந்த அவளுடைய மாமா, பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து ஓய்வு பெற்ற 'சொல்தா', படிப்பைப் பார்வையிட தினமும் இறங்கி வருவார்.

"கம்பிய எதுக்கும்மா நட்ட நடுவுல வைக்கிறான்? ஓரமா வச்சா இன்னும் தாங்குமே."

"காத்து ஒரு பக்கமாவா அடிக்குது மாமா? ரெண்டு பக்கத்துக்கும் அந்த ஒரே கம்பிதான்."

"கஞ்சப் பய."

கம்பி நடுவில் இருப்பதால் சுவரின் பாதிப் பருமன்தான் கணக்கில் வரும். எட்டு இஞ்சு சுவர் என்றால் நாலு. நாலு என்று வைத்துப் போட்டால், பயிற்சிப் புத்தகத்தில் கொடுத்திருக்கும் நான்கு விடைகளில் ஒன்று அச்சாகப் பொருந்தும். புத்தகமோ அது தவறு என்றது. தவறாகப் போடுகிறவர்களுக்கென்றே ஒரு விடையைத் தயாராக வைத்திருந்தார்கள்.

"அந்த எட்டு நெஜமாவே எட்டான்னு பாத்தியா?" என்றேன்.

"மாப்ள, இது என்ன நம்ம மேஸ்திரி சொல்ற ஒம்போதா? வெள்ளக்காரன் எட்டுன்னா எட்டுதான்" என்றார் மாமா.

அவள் புத்தகத்தின் கடைசியில் இருந்த அட்டவணையைத் தேடிப் பிடித்தாள். உண்மைப் பருமன் ஏழு இஞ்சும், ஒரு இஞ்சில் எட்டில் ஐந்து பங்கும். கற்களுக்கு இடையில் வரும் கலவையையும் சேர்த்துத்தான் கல்லுக்கு எட்டு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

"அவனுங்களும் நம்மள மாதிரிதாங்க!" அத்தனை நாளில் அவள் சிரித்தது அப்போதுதான்.

"அது அமெரிக்காக்காரன். பிரான்சுல அப்படியெல்லாம் கெடையாது" என்று மாமா மாடியேறிவிட்டார்.

இங்குள்ள மையத்திலேயே தேர்வு எழுதிவிட்டு பஸ்ஸில் திரும்பியவள் செருப்பைக் கூடக் கழற்றவில்லை. "இருநூறு மில்லிமீட்டர் சுவருன்னு கேட்டுட்டாங்க. பேரா அளவான்னு ஒண்ணும் போடல. கலவைக்குப் பத்தக் கழிச்சு நூத்தித் தொண்ணூறுன்னு வச்சிக்கிட்டேன்."

தேறிவிட்டாள். இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்து பிறருடைய எட்டுகளைத் திருத்துகிறாள். தேறியவர்களுக்கு மதிப்பெண்ணும் சொல்வதில்லை, வினாத்தாளும் தருவதில்லையாம். ஆகவே அந்த இருநூறு பெயரா அளவா, அவள் குறித்த விடை சரியா என்பது இதை எழுதும் வரை உறுதியாகவில்லை.