ஜன்னலுக்குள் வந்த கைகள்

என் அக்காவை அக்கா என்று கூப்பிடும் உரிமை எனக்கு மட்டும்தான் உண்டு. அதை ஒரு பள்ளிக்கூடமே சேர்ந்து பிடுங்கிக்கொண்டது. கடைத்தெருவில் தலை நரைத்த டாக்டர் ஒருவர் காரை நிறுத்தி இறங்கி, "ஜன்னல் அக்கா! நல்லா இருக்கீங்களா?" என்பார். இவளும் வாயெல்லாம் பல்லாக, "நல்லா இருக்கேன் கண்ணு" என்பாள். கார் போனதும் யாரென்று கேட்டால், "யாருக்குத் தெரியும்?" என்பாள். திமிர் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு உண்மையிலேயே முகங்கள் தெரியாது.

அக்கா வேலை பார்த்த அந்தத் தனியார் பள்ளியின் கேன்டீன் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. குனிந்து உள்ளே போய் ஸ்டூலில் உட்கார வேண்டும். எதிரே ஒரு ஜன்னல், அதற்கு ஓர் இரும்பு ஷட்டர். துருப்பிடித்த அந்த ஷட்டர் ஒரு சாணுக்கு மேல் எழும்பாது. "அடுத்த லீவுல சரி பண்ணிடலாம்" என்று வந்த தலைமையாசிரியர்கள் எல்லோரும் சொன்னார்கள். சொன்னவர்கள் எல்லோரும் ஓய்வு பெற்றுப் போனார்கள். ஷட்டர் மட்டும் அப்படியே இருந்தது. அந்தச் சந்து வழியாக அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம் சட்டைப் பொத்தான்களும் கைகளும்தான். முதல் மணி அடித்த பிறகு வருவாள். மதிய இடைவேளை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போனதும் கிளம்பிவிடுவாள்.

அப்போது எங்களுக்கு அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அவள் சம்பளத்தில் நாங்கள் இரண்டு பேர். நான் தையல் கற்றுக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் அவளுக்கு அந்தக் கைகளைப் பற்றித்தான் பேச்சு. நகம் கடிக்கிறவன், உள்ளங்கையில் கணக்குப் போடுகிறவள், அண்ணனின் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு அது முழங்கை வரை ஏறி இறங்க வருகிறவன். "நகம்கடிச்சானுக்கு நகம் முளைச்சிருக்குடி" என்று பெற்றவள் மாதிரிப் பூரித்துப்போவாள். எனக்கு எரிச்சலாக வரும்.

அவற்றில் ஒரு கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒருநாள் யாரோ ஒரு பிள்ளை, "நீங்க சாப்பிட்டீங்களா அக்கா?" என்று கேட்டது. இவள் விளையாட்டாக, "உங்களுக்குப் போக மிச்சம் இருந்தா சாப்பிடுவேன்" என்றிருக்கிறாள். வரிசையில் நின்ற ஒருவன் அதை அப்படியே நம்பிவிட்டான். மறுநாள், பன் வாங்கிக்கொண்டு போன ஒரு கை மறுபடி ஜன்னலுக்குள் வந்தது. பாதி பன்னை அவள் உள்ளங்கையில் வைத்தது. அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடியது. மூடிய கைமேல் மெல்ல ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டது. வேண்டாம் என்று சொல்வதற்குள் அடுத்த கை வந்துவிட்டது. அந்த வருஷம் முழுக்க இப்படியே நடந்தது. பேச்சு மூச்சு கிடையாது.

அந்தப் பாதியை அக்கா கைக்குட்டையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவருவாள். நான்தான் தின்பேன்.

"ஒரு தடவை குனிஞ்சு மூஞ்சியைப் பார்க்கக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறேன்.

"பார்த்தா வெக்கப்பட்டு நிறுத்திடுவான்டி" என்றாள்.

வருஷங்கள் போயின. அக்கா வேலையிலிருந்து நின்று, என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். போன மாதம் பழைய மாணவர் சங்கச் செயலாளர் வந்தார். நல்ல ஆகிருதி, வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். அக்கா வழக்கம்போல யாருக்கோ சிரிப்பது போலச் சிரித்தாள். அவர் உட்கார்ந்து, பேச்சைத் தொடங்கத் தயங்கி, விரல்களில் நெட்டி முறித்தார்.

"அடப்பாவி, நெட்டி முறிக்கிறவனா நீ! இன்னுமா அந்தப் பழக்கத்தை விடல?" என்று அக்கா கத்தினாள்.

அந்தப் பெரிய மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கே அவரைக் கொஞ்சம் பிடித்துப்போயிற்று.

சங்கத்தில் வருஷத்துக்கு ஒரு சாயங்காலம் கூடுவார்கள். அந்த வருஷம் இறந்துபோன பழைய மாணவர்கள், வாத்தியார்கள், வேன் ஓட்டியவர், தோட்டக்காரர் என்று பள்ளிக்கு வேண்டப்பட்ட எல்லோரையும் நினைப்பார்கள். திரையில் ஒவ்வொரு படமாக வரும். பழகியவர் ஒருவர் எழுந்து நாலு வார்த்தை சொல்வார்.

"இந்த வருஷம் நீங்க ஒருத்தனைப் பத்திப் பேசணும் அக்கா" என்றார் செயலாளர். "வெளிநாட்டுல இருந்தான். திடீர்னு நெஞ்சுவலி. கூடப் படிச்ச எங்களுக்கே அவனோட பழக்கமில்ல, வாயே திறக்க மாட்டான். அவங்க அம்மா வர்றாங்க. ஸ்கூலைப் பத்தி அவன் பேசினா ஜன்னல் அக்காவைப் பத்தித்தான் பேசுவானாம். நீங்க பேசினாப் போதும்னு கேக்குறாங்க."

போனில் படத்தைக் காட்டினார். கண்ணாடி, தாடி, முன்வழுக்கை. இரண்டு கைகளும் பேண்ட் பாக்கெட்டுக்குள் இருந்தன. அக்கா வெகுநேரம் பார்த்துவிட்டு, "சரிப்பா" என்றாள். ஒரு தாய் கேட்டதற்கு இல்லையென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

அன்று முதல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மதியங்களில் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவாள். வெயில் கம்பிகளுக்கிடையே புகுந்து அவள் மடியில் விழும். என் மிஷின் ஓட ஓட அவளுக்குக் கண் சொருகும். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அவள் கைகள் மட்டும் எதையோ எடுத்து யாருக்கோ கொடுத்துக்கொண்டிருக்கும்.

"நகம்கடிச்சான் வந்தான்டி" என்பாள்.

"அவன் போன வருஷமே போய்ச் சேர்ந்துட்டானேக்கா."

"அதனால என்ன? வந்தான்."

இருப்பவர்களும் போனவர்களும் ஒரே வரிசையில் நின்றார்களாம். எல்லோருக்கும் ஒரே பசியாம். ஷட்டருக்கு வெளியே மழை கொட்டுகிறதாம், ஆனால் ஒரு கைகூட நனையவில்லையாம். பன் எடுக்க எடுக்கக் குறையவே இல்லையாம். இதில் அந்தத் தாடிக்காரன் கை எது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. எனக்கு அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது. பயம் வந்தால் எனக்குக் கோபமும் வந்துவிடும்.

"பேசாத பையன்னு சொல்றாங்க. அந்தப் பாதி பன் பையன் இவன்தான்னு சொல்லிட்டு வந்துடேன். யார் வந்து கேக்கப் போறா?"

"இருக்கலாம்டி, இல்லாமலும் இருக்கலாம். அங்க படிச்சவன் எவன் என்னைப் பத்திப் பேசல? பிள்ளையைப் பறிகொடுத்தவகிட்ட இன்னொருத்தன் கையை எடுத்துக் கொடுக்கச் சொல்றியா?"

நான் கத்தரிக்கோலை எடுத்தேன்.

கூட்டத்தன்று பள்ளிக்கூடம் மழையில் நனைந்து கிடந்தது. மாடிப்படிக்குக் கீழே ஜன்னலை அடைத்துச் சுண்ணாம்பு பூசியிருந்தார்கள். அக்கா அந்தச் சுவரில் கை வைத்துக் கொஞ்சம் நின்றாள். பிறகு, "எனக்கு ஞாபகம் இல்லம்மான்னு முதல்லயே சொல்லிடப் போறேன்" என்று உள்ளே நடந்தாள்.

அந்த அம்மா முன்வரிசையில் இருந்தார். ஒடிசலான உருவம், மடியில் தேநீர்த் தட்டு. செயலாளர் அறிமுகப்படுத்தினார். அக்காவின் முகத்தில் ரத்தமே இல்லை. "அம்மா, நான் ஒண்ணு சொல்லணும்" என்று தொடங்கினாள்.

"முதல்ல உக்காருங்க. வெறும் வயித்தோட வந்த மாதிரி இருக்கீங்களே" என்றார் அந்த அம்மா.

தட்டிலிருந்த பிஸ்கட்டை இரண்டாக உடைத்தார். ஒரு பாதியை அக்காவின் உள்ளங்கையில் வைத்தார். அவள் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினார். மூடிய கைமேல் மெல்ல ஒரு தட்டுத் தட்டினார்.

அக்கா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, நான் பிறந்ததிலிருந்து கேட்டிராத ஒரு குரலில், "வந்துட்டியா கண்ணு" என்றாள்.

அவள் மேடைக்குப் போகவேயில்லை. திரையில் அவன் படம் வந்தபோது செயலாளர் மைக்கைக் கையோடு கொண்டுவந்தார். அதைத் தள்ளிவிட்டு அந்த அம்மாவிடமே எல்லாவற்றையும் சொன்னாள். சபை காத்திருந்தது. முன்வரிசைக்குக் கேட்டது, பின்வரிசைக்கு அவள் கை மடங்கி விரிவது மட்டும் தெரிந்திருக்கும்.

"சாயங்காலம் பசி பசின்னு பறந்துக்கிட்டு வருவான்" என்றார் அந்த அம்மா, சிரிப்பும் அழுகையுமாக. "ஸ்கூல்ல ஒழுங்காச் சாப்பிட்டா என்னன்னு திட்டுவேன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டானே! அப்ப நீங்களாவது வயிறாறச் சாப்பிட்டீங்களா?"

அக்கா பொய் சொல்லத் தெரியாதவள். என்னைக் கைகாட்டினாள். "நான் சாப்பிடலம்மா. இவளுக்குத்தான் கொண்டுபோய்க் குடுப்பேன். இவதான் சாப்பிட்டா."

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். அத்தனை வருஷமும் அது எனக்கு வெறும் பன். ஒரு பிள்ளை தன் பசியில் பாதியை வைத்துக்கொண்டு கொடுத்தது என்று ஒருநாளும் நினைத்துத் தின்றதில்லை. எங்கே பார்ப்பதென்றே எனக்குத் தெரியவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா" என்றேன்.