துண்டுக்குள் ஒரு நரம்புச் சோதனை

உத்தமபாளையத்தில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் நான் எழுத்தராக இருந்த காலம் அது. யுத்தம் இன்னும் தொடங்கவில்லை. எங்கள் டாக்டர் திருவிதாங்கூர்க்காரர், சென்னையில் படித்தவர். குமுளி மலை இறங்கி எங்களிடம் வந்து சேர்ந்தபோது அவருக்குத் தமிழ் ஓரளவு தெரியும். நோயாளிகள் பேசும் தமிழ்தான் தெரியாது. காய்ச்சல், பேதி, சிரங்குக்கெல்லாம் அது ஒரு தடையாக இல்லை. நரம்பு வியாதியில்தான் தகராறு. ஒருவர் உளைகிறது என்பார், ஒருவர் குடைகிறது என்பார், ஒருவர் எறும்பு ஊர்கிறது என்பார், இன்னொருவர் மதமதவென்று இருக்கிறது என்பார். டாக்டரின் புத்தகத்தில் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் இருந்தது. எது எதற்கு என்று பொருத்துவதற்குத்தான் ஆள் இல்லை.

அந்த வேலையை என்னிடம் கொடுத்தார். எனக்கு எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் நிம்மதி. ஒரு பெரிய தாளில் மூன்று பத்தி பிரித்தேன்: டாக்டரின் சொல், புத்தகத் தமிழ், நோயாளியின் சொல். பக்கவாதத்துக்கு எதிரே "ஒரு பக்கம் விழுந்துபோச்சு" என்று எழுதினேன். முகவாதத்துக்கு "வாய் கோணிருச்சு". முழங்காலில் ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்க்கும் சோதனைக்கு "முட்டியில போடுறது". தட்டியதும் கால் தானாக உதைத்ததைப் பார்த்துப் பதறிய சின்னமனூர் விவசாயி ஒருவர், எழுந்து நின்று டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டார். அதற்குத் தாளில் பத்தி இல்லாததால் என் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டேன். முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுப்பதற்கு மூன்றாம் பத்தி காலியாகவே கிடந்தது. அதை மதுரையில்தான் செய்தார்கள். அதன் பெயரைச் சொல்லவே எங்கள் ஊரில் யாரும் விரும்பவில்லை. உணர்விழப்புக்கு மட்டும் மூன்றாம் பத்தியில் மரப்பு, திமிர், மதமதப்பு என்று பல சொற்கள் சேர்ந்துவிட்டன. எதுவும் எனக்குத் திருப்தியாக இல்லை.

அப்படி இருக்கும்போதுதான் தேனிச் சந்தையின் மாட்டுத் தரகர் ஒருவர் தம் மனைவியோடு வந்தார். நாற்பது வயது இருக்கும். தோளில் நல்ல கனமான துண்டு. என்ன உடம்புக்கு என்று கேட்டேன். வயிறு சரியில்லை என்றார். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்து, வயிற்றில் ஒன்றுமில்லை என்றதும், அப்படியானால் முதுகாக இருக்கலாம் என்றார்.

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது.

"இவுகளுக்கு எதையும் நேரா சொல்லி பழக்கமில்ல டாக்டரய்யா. சோறு போடட்டான்னு கேட்டா, நீ எவ்வளவு போடுவங்கிறாக. கைதான் கெட்டுப்போச்சு. அதைக் காட்டத்தான் கூட்டியாந்தேன்."

பிறகு அந்த அம்மாளே எல்லாவற்றையும் சொன்னார். மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. வாங்குபவர் தரகரின் கையைத் துண்டுக்கு அடியில் பிடித்து விரல்களை அழுத்துவார். அழுத்திய விரல்கள் எத்தனையோ அத்தனை பத்து ரூபாய். கடைசியில் சுண்டுவிரல் நுனியைக் கிள்ளினால் அதற்கு மேல் ஒரு பாதி, அதாவது ஐந்து ரூபாய். சுற்றி நிற்கும் யாருக்கும் விலை தெரியாது. இவருக்குச் சில வாரமாக அந்தப் பாதி தெரியாமல் போயிற்று. வாங்குபவர் பாதி சேர்த்துக் கொடுக்கிறார், இவர் பாதி இல்லாமல் மாட்டுக்காரரிடம் சொல்கிறார். இரண்டு வியாபாரம் முறிந்தது. தரகருக்குக் கை செவிடாகிவிட்டது என்று சந்தையில் கேலி பேசுகிறார்களாம்.

நான் பேனாவை எடுத்தேன். கை செவிடு. மூன்றாம் பத்திக்கு நான் தேடிக்கொண்டிருந்த சொல் அதுதான். ஆனால் தரகரின் முகத்தைப் பார்த்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அவர் டாக்டர் பக்கம் குனிந்து, மனைவிக்குக் கேட்காத குரலில், "அந்தப் பெரிய வியாதியா இருக்குமாய்யா?" என்றார்.

மரத்துப்போன தோல் என்றால் எங்கள் பக்கத்தில் முதலில் நினைப்பது தொழுநோயைத்தான். அது உறுதியானால் அவரோடு ஒரு துண்டுக்குள் கைவிட யாரும் வரமாட்டார்கள். சந்தையில் அவருக்கு இருந்ததெல்லாம் அந்தக் கை ஒன்றுதான்.

டாக்டர் குண்டூசியை எடுத்தார். கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, ஊசி முனையாலும் தலையாலும் மாற்றி மாற்றித் தொட்டு, கூர்மையா மொட்டையா என்று கேட்டார். நான் குறித்துக்கொண்டே வந்தேன். தரகர் ஒரு தடவை சுமார் என்றார். இன்னொரு தடவை, டாக்டர் என்ன நினைக்கிறார் என்று திருப்பிக் கேட்டார். அழுத்திக் குத்தியபோதும் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. கையில் கொடுக்கும் விலைக்கு முகம் மாறினால் அவர் தரகரே அல்ல. ஒரே இடத்தை மூன்று தடவை தொட்டதற்கு மூன்று பதில் வந்தது. நான் எழுதிய கட்டம் முழுவதையும் அடித்தேன். எனக்கு அடித்தல் திருத்தல் பிடிக்காது.

டாக்டர் அலுத்துப்போய் ஊசியை வைத்துவிட்டு அவர் கையை வெறுமனே பிடித்தார். பிடித்ததுதான் தாமதம், தரகரின் இடது கை தானாகத் தோளுக்குப் போய், துண்டை உருவி, டாக்டர் கையையும் தன் வலது கையையும் சேர்த்து மூடியது. சுத்தியல் பட்ட முட்டி உதைப்பதுபோல, அதுவும் அவர் யோசித்துச் செய்ததல்ல. துண்டை உதறப்போன டாக்டர் ஒரு கணம் நின்றார். பிறகு சிரித்துக்கொண்டே உள்ளே ஏதோ செய்தார்.

"இருபது," என்றார் தரகர், உடனே.

டாக்டர் மறுபடி அழுத்தினார். "முப்பது." மறுபடி. "பத்து. கட்டை விரல்."

இந்த மனிதரா சற்று முன்பு சுமார் என்றவர்? துண்டுக்குள் வந்த விலையைத் தவறாகச் சொன்னால் பெயர் கெட்டுவிடும். அதனால் அங்கே மட்டும் அவர் உள்ளதை உள்ளபடி சொன்னார். நான் புதிய கட்டம் போட்டேன். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் பழுதில்லை. மோதிர விரலில் நடுவிரல் பக்கம் தெரிந்தது, மறுபக்கம் தெரியவில்லை. சுண்டுவிரலில் ஒன்றுமே இல்லை.

டாக்டருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மோதிர விரலைச் சரிபாதியாகப் பிரிக்கிற நரம்பு ஒன்றுதான் என்றும், அது முழங்கைக்குப் பின்னால் எலும்பை ஒட்டி ஓடுகிறது என்றும் எனக்குச் சொன்னார். தொழுநோயும் அந்த நரம்பைத்தான் தேடிப் பிடிக்கும் என்பதைத் தரகருக்குக் கேட்காமல் சொன்னார். சட்டையைக் கழற்றச் சொல்லி வெளிச்சத்தில் நிறுத்தினார். உடம்பில் எங்கும் வெளுத்த தேமல் இல்லை. முழங்கைக்குப் பின்னால் நரம்பை விரலுக்கிடையே உருட்டி, இரண்டு கையிலும் ஒப்பிட்டுப் பார்த்தார். தடிப்பு இல்லை. கடைசியாக, சந்தையில் எப்படி நிற்பீர் என்று கேட்டார்.

பதில் மனைவியிடமிருந்து வந்தது. "எங்கன நிக்கிறாக? வண்டிச் சட்டத்துல முழங்கைய ஊனிக்கிட்டு நாள் பூரா சாஞ்சு கெடப்பாக. வீட்டுக்கு வந்தா அதே கைய மடக்கித் தலைக்கு வச்சுப் படுத்துருவாக."

டாக்டர் எழுந்து கை கழுவினார். நரம்பு எலும்புக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது, அவர் பயப்படுகிற வியாதி இல்லை என்றார். முழங்கையை ஊன்றக் கூடாது. படுக்கும்போது கை மடங்காமலிருக்கப் பஞ்சு வைத்து மூங்கில் பத்தை கட்ட வேண்டும். உணர்ச்சி மெதுவாகத் திரும்பும். தரகர் சட்டையைப் போட்டுக்கொண்டார். பொத்தானை மாட்ட நெடுநேரம் பிடித்தது. அதன் பிறகுதான் அவருடைய அடுத்த கவலை வெளியே வந்தது. சந்தையில் கேட்பார்கள். என்ன வியாதி என்று சொல்வது?

டாக்டர் தம் சொல்லைச் சொன்னார். அது துண்டைவிட நீளமாக இருந்தது. தமிழ்ப் பெயர் வைப்பது என் பொறுப்பாயிற்று. முழங்கை நரம்பு வாதம் என்றேன். வாதம் வேண்டாம், கை விழுந்துவிட்டதென்று நினைப்பார்கள் என்றார். நரம்பு நோய் என்றேன். நோய் என்றால் வேறொன்றை நினைப்பார்கள் என்றார். நான் ஏற, அவர் இறங்க, பெயருக்கே ஒரு பேரம் நடந்தது. கடைசியில் "முழங்கை நசுங்கல்" என்றேன். அவர் அதை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார்.

"இது படியும்யா. வண்டிச் சட்டத்துல நசுங்குச்சுன்னா எவனும் மறுபேச்சு பேச மாட்டான்."

படிந்தது. அதிகமாகவே படிந்தது. அடுத்த மாதங்களில் போடியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் வந்தவர்கள்கூட, முதுகு வலியானாலும் தோள் பிடிப்பானாலும், தங்களுக்கு முழங்கை நசுங்கல் என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். என் தாளில் அந்த வரிக்கு எதிரே "பெரும்பாலும் தவறு" என்று குறிப்பு எழுத வேண்டியதாயிற்று. கை செவிடு என்ற சொல்லை உணர்விழப்புக்கு நேராகச் சேர்க்கும்படி டாக்டரே சொன்னார். அந்த வருஷம் முழுவதும் எங்கள் ஆஸ்பத்திரியில் விரல் சோதனைக்கு ஊசியோடு ஒரு துண்டும் தயாராக இருந்தது.

மாங்காய் வரத்து ஓய்ந்த சமயம், டாக்டர் ஒரு பால்மாடு வாங்க நினைத்து என்னையும் தேனிச் சந்தைக்குக் கூட்டிப்போனார். தரகர் வண்டியைத் தொடாமல், கம்புபோல நேராக நின்றுகொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் துண்டை உருவினார். டாக்டர் உள்ளே கையை விட்டார். துண்டு மட்டும் லேசாக அசைந்தது. டாக்டர் மாட்டைப் பார்க்கவே இல்லை, தரகரின் முகத்தையே பார்த்தார். அந்த முகத்தில் வழக்கம்போல ஒன்றும் தெரியவில்லை.

"பாதி கேக்குது டாக்டரய்யா," என்றார் தரகர். "நல்லாவே கேக்குது. ஆனா இந்த மாட்டுக்கு அது பத்தாது."