பதினெட்டாம் எண்ணில் தெல்மா

தெல்மா சக்டனுக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் திக்கென்றுதான் இருக்கிறது. செய்தவர்களில் நானும் ஒருத்தி என்பதால் அதிர்ச்சி கொஞ்சம் கூடுதல். செய்தோம் என்றுகூடச் சொல்ல முடியாது. நாங்கள் எதையும் செய்யவில்லை, அதுதான் குற்றம்.

யார்க்‌ஷயர் மேட்டில் எங்கள் தோட்டச் சங்கத்துக்குக் காய்கறி பயிரிட நாற்பது நிலத்துண்டுகள் உண்டு. ஒரு துண்டுக்காக தெல்மா நான்கு வருடம் காத்திருந்தார். பேருந்து நிறுவனத்தில் கால அட்டவணை போடுகிறவர், ஐம்பத்தாறு வயது. பதினேழாம் எண் உங்களுக்கு என்று தை மாதக் குளிரில் கடிதம் வந்ததும் கட்டத்தாள் வாங்கிவிட்டார். எந்தப் பாத்தியில் எந்த வருடம் உருளைக்கிழங்கு, எதில் அவரை, எதில் வெங்காயம் என்று நான்கு வருடத்துக்கு நான்கு வண்ணத்தில் போட்டார். விதை உருளைக்கிழங்குகள் முட்டை அட்டைகளில் உட்கார்ந்து ஜன்னலோரம் முளைவிட்டன. மண்ணைத்தான் அவர் அதுவரை தொட்டதில்லை.

சங்கத்தின் விதி சுருக்கமானது. மார்ச் முதல் தேதி துண்டு கைக்கு வரும். மூன்று மாதத்தில் கால்வாசியாவது கொத்திப் பயிரிடாவிட்டால், வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும்.

எண் எழுதிய கட்டை இரண்டு துண்டுகளுக்கு நடுவில் நிற்கும். அது இடப்பக்கத் துண்டின் எண் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரியாத ஒரே ஆள் வலப்பக்கம் கொத்த ஆரம்பித்தார். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி களை மண்டிக் கிடந்தது.

"அது கிளிஃபோர்டோட துண்டு இல்ல?" என்றார் என் பக்கத்துத் துண்டுக்காரர் பெரில்.

"பதினெட்டு. அவருதுதான். இடுப்பு எலும்பு மாத்தி ஆஸ்பத்திரில கெடக்காரு."

"யாராவது அந்தம்மாட்ட சொல்லணும்."

"கண்டிப்பா சொல்லணும்."

இதில் எங்களுக்குள் முழு உடன்பாடு. பிறகு மழை வருமா என்று பேசினோம்.

அடுத்த வாரம், தன் துண்டைப் பார்த்துக்கொள்ளும்படி கிளிஃபோர்டே அவரைக் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம். மூன்றாம் வாரம் அப்படி இல்லை என்று தெரிந்தது. அப்போது போய்ச் சொன்னால், முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். கேட்டால் என்ன சொல்வது? ஆகவே பெரில் ஒரு கட்டு ரூபார்ப் தண்டு கொண்டுபோய்க் கொடுத்தார். நான் அவரைக்கு ஊன்ற கம்பு கொடுத்தேன். சங்கச் செயலாளர் வில்ஃப் பூத் ஒரு ஜாடி தேன் கொடுத்தார். குற்ற உணர்ச்சி வளர வளர பரிசுகளும் பெருத்தன.

"இப்படி தங்கமான மனுஷங்கள நான் பாத்ததே இல்ல," என்றார் தெல்மா.

மார்ச் கடைசியில் ஒரு நாள், சேறு அப்பிய வேர்க்கொத்து ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "இது என்ன களைங்க, பெரில்? ஆக்டோபஸ் மாதிரி இருக்கு!"

அது களையில்லை, அஸ்பாரகஸ். நட்டால் மூன்று வருடம் கை வைக்கக் கூடாது, அப்புறம் இருபது வருடம் ஒவ்வொரு மே மாதமும் குருத்து தரும். கிளிஃபோர்டுக்கு அது பத்தொன்பதாவது வருடம்.

பெரில் வாயைத் திறந்தார். சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன்.

"பெருசாத்தான் இருக்கு," என்றார் பெரில்.

முப்பத்தெட்டு கொத்து. தெல்மா குவித்து எரிக்கப் பார்த்தார், ஈரத்தில் பற்றவில்லை. தீப்பெட்டி கேட்டார். கொடுத்தது நான்தான். படித்தவள், வரலாறு கற்பித்தவள். கண்ணெதிரே அநியாயம் நடக்க ஊரார் ஏன் சும்மா இருந்தார்கள் என்று முப்பது வருடம் பிள்ளைகளைக் கட்டுரை எழுத வைத்தவள்.

ஜூன் முதல் ஞாயிறு சோதனை. வில்ஃப் அட்டையும் பேனாவுமாக வந்தார். தெல்மா உருளைக்கிழங்கு வரிசைகளுக்கு நடுவே நல்ல சட்டை போட்டு நின்றார். வில்ஃப் அவரைத் தாண்டிப் போய், காஞ்சொறி மண்டிய இடப்பக்கத்தைப் பார்த்து, "பதினேழு. பயிர் இல்லை," என்று முணுமுணுத்து எழுதினார்.

"வில்ஃப், நான் இங்க இருக்கேன்."

"இருக்கீங்க. ஆனா அது பதினெட்டும்மா."

தெல்மா எண் கட்டையைத் திரும்பிப் பார்த்தார். "எப்பலேர்ந்து தெரியும்?"

"மார்ச்."

"உங்க எல்லாருக்குமா?"

அந்த நேரம் பார்த்துதான் கிளிஃபோர்ட் ஊன்றுகோலோடு வாசலில் வந்து நின்றார். தன் துண்டைப் பார்த்தார், வேலியோரப் பாத்தியைப் பார்த்தார், வெங்காயம் இருந்தது.

"என் அஸ்பாரகஸ் எங்க?"

"களைன்னு நெனச்சு எரிச்சிட்டேன்," என்றார் தெல்மா. "மன்னிச்சிருங்க."

கிளிஃபோர்ட் அவரைப் பார்க்கவேயில்லை. எங்களைத்தான் ஒவ்வொருவராகப் பார்த்தார். "அந்தப் புள்ளைக்குத் தெரியாது. உங்களுக்குமா தெரியாது, எருமைங்களா?"

வில்ஃப் பதினேழாம் எண்ணுக்கு இருபத்தெட்டு நாள் தவணை எழுதினார். அதற்குள் கால்வாசி ஆகாவிட்டால் துண்டு போய்விடும்.

அடுத்த சனிக்கிழமை எட்டுப் பேர் மண்வெட்டியோடு பதினேழில் போய் நின்றோம். தெல்மா வழிவிடவில்லை.

"கொத்தலாம். ஆனா ஒவ்வொருத்தரும் முதல்ல நான் பண்ணியிருக்கிற ஒரு தப்பச் சொல்லணும். மூஞ்சிக்கு நேரா."

இதைவிடக் காஞ்சொறியை வெறுங்கையால் பிடுங்கச் சொல்லியிருக்கலாம். பெரில் கண்ணில் நீரே வந்துவிட்டது. "பட்டாணிக்கு வலை கட்டல. புறா விடாது."

"அடுத்து?"

"வெங்காயம் நெருக்கம்." "பீட்ரூட் நாத்தக் கலைச்சு விடல." என் முறையில், அவர் அட்டவணை மழையைக் கேட்காமல் போட்டது என்றேன். அவர் தலையாட்டி நகர்ந்து நின்றார்.

இருபத்தெட்டாம் நாள் வில்ஃப் நாடா பிடித்து அளந்தார். கால்வாசிக்கு மேல் இரண்டடி, அத்தனையிலும் பிரெஞ்சு பீன்ஸும் முட்டைக்கோஸ் நாற்றும்.

"எப்படி இருக்கு?" என்றார் தெல்மா.

ரொம்ப அழகு என்று சொல்ல வில்ஃபின் உதடு குவிந்ததை நான் பார்த்தேன். நிறுத்திக்கொண்டார். காது சிவந்தது.

"கோணலா இருக்கு," என்றார், பதினேழாம் எண்ணுக்கு எதிரே சரி போட்டபடி.