ருமேனியாக்காரி சூஃபென்

சீனாவில் பாவோதிங் ஊரில் கழுதைக்கறி ரொட்டிக் கடை வைத்திருக்கும் தாவ் சூஃபென், மேசைப்பந்து ஆடியவள் என்று அந்தத் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், “உலகப் போட்டியில ஜெயிச்ச ஜிங்யிங்குக்காகத் தன் ஆட்டத்தையே விட்டவ” என்பார்கள். அந்த ஜிங்யிங் நான்தான். அது பெரிய தியாகமாம். மண்ணாங்கட்டி!

மாகாண அணியில் நாங்கள் இருவரும் ஒரே அறை. பேனா பிடிப்பதுபோல் பேட்டைப் பிடித்து, மேசையை ஒட்டி நின்று அவள் அடித்தால் பந்து கண்ணுக்கே தெரியாது. பத்து ஆட்டத்தில் ஏழில் என்னை மண்ணைக் கவ்வ வைப்பாள். அப்புறம் சாப்பாட்டில் தன் கறித்துண்டை என் தட்டில் தள்ளி, “தின்னுடி, நாளைக்கும் தோக்கணும்ல, தெம்பு வேணாமா?” என்பாள்.

ஒரு வருடம் நான் வெளிநாட்டில் ஒரு ருமேனியாக்காரியிடம் தோற்று வந்தேன். மேசையை விட்டுத் தள்ளி நின்று, பந்தை வெட்டி வெட்டியே கொல்பவள். அப்படிப்பட்டவளை ஜெயிக்க எங்களிடம் ஒரு வழி உண்டு. அணியில் ஒருத்தி தன் ஆட்டத்தை மறந்து அவளாகவே மாறி, தினமும் எதிரே நிற்க வேண்டும். அணித் தேர்வில் தேறாதவர்களைத்தான் அதற்குப் போடுவார்கள்.

“யார் வேணும் உனக்கு?” என்றார் யாவ் கோச்.

“சூஃபென்.”

“அவளா? அவ கையே கெட்டுப்போயிடுமேம்மா!”

“நாட்டுக்காகத்தானே கோச். கேட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டா.”

அடுத்த தேர்வில் என்னைத் தோற்கடிக்கக்கூடியவள் அவள் ஒருத்திதான். அதனால்தான் சொன்னேன்.

இரண்டு வருடம் அவள் ருமேனியாக்காரியாக இருந்தாள். அவளைப் போலவே கைகுலுக்குவதுபோல் பேட்டைப் பிடித்து வெட்டினாள், அவளைப் போலவே முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். உலகப் போட்டியில் அந்த ருமேனியாக்காரியை நான் ஜெயித்தேன். சூஃபென் பழைய பிடிக்குத் திரும்பப் பார்த்தாள், விரல்கள் கேட்கவில்லை. இருபத்துமூன்று வயதில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

முப்பது வருடம் கழித்து, போன மாதம்தான், எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று அவள் கடைக்குப் போனேன். “வாடி, பந்து போடலாம்” என்று பூங்காவுக்கு இழுத்துப் போனாள். சிமெண்டு மேசை, வலைக்குப் பதில் செங்கல் வரிசை. நான் போட்ட முதல் பந்துக்கே இரண்டடி பின்னால் போய் வெட்டினாள். நரைத்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. “சூஃபென், அன்னைக்கு உன் பேரைச் சொன்னது நான்தான்.”

“தெரியுமே. கோச் அன்னைக்கே சொல்லிட்டாரு. அத்தனை பேர்ல என்னை நம்பிக் கேட்டியேன்னு எங்கம்மாவுக்கு லெட்டர்கூடப் போட்டேன். அதுக்கு இப்ப எதுக்குடி மூக்கை உறிஞ்சுற? பந்தைப் போடு.”

உன்னைப் பார்த்துப் பயந்துதான் கேட்டேன் என்று சொல்ல வந்தவள் நான். சொல்லவில்லை. பந்தைப் போட்டேன்.

பதினொன்றுக்கு நான்கு. அன்றைக்கும் நான்தான் ஜெயித்தேன்.