நத்தானியேல் துரையின் சொந்தக்காரர்கள்

என் தொழில் செத்தவர்களைத் தேடுவது. தேடச் சொல்லி உயிரை வாங்குபவர்கள் எல்லாரும் உயிரோடு இருப்பவர்கள். எங்கள் முப்பாட்டனார் மதராஸில் எங்கே குடியிருந்தார், யாரைக் கட்டினார், எங்கே புதைத்தார்கள் என்று வெள்ளைக்காரர்கள் கேட்டு எழுதுவார்கள். மந்தைவெளியில் உட்கார்ந்துகொண்டு நான் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். கல்யாண மண்டபத்தில் கையைப் பிடித்துக்கொண்டு "நான் உனக்கு என்ன உறவு, சொல்லு பார்ப்போம்" என்று மடக்கும் பெரியவரிடம் மாட்டி முழித்திருக்கிறீர்கள்தானே? எனக்கு அதுதான் பிழைப்பு. அதுவும் இங்கிலீஷில்!

சாப்பாட்டு மேஜையில் ஒரு குடும்பம்

மார்கரெட் அம்மாள் இங்கிலாந்தில் பள்ளிக்கூட நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்த அன்றே என் சாப்பாட்டு மேஜையில் இருந்த ஊறுகாய் பாட்டிலை நகர்த்திவிட்டு, சுருட்டி வைத்திருந்த வம்சாவளிப் படத்தை விரித்துவிட்டார். உச்சியில் நத்தானியேல். கோட்டை கட்டின புதிதில் துணி வாங்கி விற்கக் கப்பலேறி வந்தவர். சாந்தோமில் ஒரு போர்த்துகீசியக் குடும்பத்துப் பெண் மரியாவைக் கட்டிக்கொண்டு, அவளுக்காகக் கத்தோலிக்கராகவும் மாறி, இங்கேயே கண்ணை மூடிவிட்டார். பிள்ளைகள் இரண்டு. மகன் இங்கிலாந்துக்குப் போனான். அந்தக் கிளையின் கடைசி இலைதான் மார்கரெட். மகள் அன்னா மதராஸிலேயே தங்கிவிட்டாள். அவளுக்குக் கீழே வெறும் வெள்ளைக் காகிதம்.

மார்கரெட் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கூடப் பிறந்தவர்களும் போய்விட்டார்கள். அன்னாவின் வழியில் இங்கே யாராவது இருக்க மாட்டார்களா என்பதுதான் அவருடைய ஏக்கம். இத்தனை தலைமுறைக்கு அப்புறம் அதெல்லாம் கஷ்டம் அம்மா, கல்லறை கிடைத்தாலே பெரிய விஷயம் என்று நானும் பூசி மெழுகாமல் சொல்லிப் பார்த்தேன். அவர் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "எனக்கு ராஜ பரம்பரை வேண்டாம். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை அனுப்ப ஒரு ஆள் இருந்தால் போதும்."

பாண்டி பஜாரில் முன்னேற்பாடு

சொந்தக்காரரைப் பார்க்க வெறுங்கையோடு போகலாமா? இதை நான் சொல்லவில்லை, மார்கரெட்தான் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் தி.நகருக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். தீபாவளிக் கூட்டம். என் செருப்பு ஒன்று போன இடம் தெரியவில்லை.

கடைப் பையன் கட்டுக்கட்டாகப் புடவையைப் பிரித்துப் போட்டுவிட்டு, "யாருக்கு மேடம்? வயசு என்ன? கலரா, மாநிறமா?" என்று கேட்டான். நான் மொழிபெயர்த்தேன். மார்கரெட் கொஞ்சமும் அசராமல், "தெரியாது, அவளை இன்னும் கண்டுபிடிக்கவில்லை" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன், வேறு வழி? அவன் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு மயில்கழுத்து நிறத்தை எடுத்து நீட்டினான். "அப்போ புடவைதான் மேடம் கரெக்ட்டு. சுடிதார்னா அளவு கேப்பாங்க."

பாஷா பாயின் குடும்பக் கஷ்டம்

ராயப்பேட்டை பாஷா பாய் என் ஆஸ்தான ஆட்டோக்காரர். அந்த வாரம் பூராவும் மழையில் எங்களைக் கல்லறை கல்லறையாக இறக்கிவிட்டார். மார்கரெட் குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லிவந்த அடையாளம் ஒன்றே ஒன்று: நத்தானியேலின் கல்லில் மூன்று பாய்மரம் வைத்த கப்பல் செதுக்கியிருக்கும். பழைய பல் பிரஷ்ஷும் குடையுமாக மார்கரெட் ஒவ்வொரு கல்லாகக் குனிந்து தேய்ப்பார். சிலுவை வரும், பூ வரும், மண்டை ஓடு கூட வரும். கப்பல் மட்டும் வராது.

நாலாவது இடத்திலும் ஏமாந்து, தொப்பலாக நனைந்து வந்து ஏறினோம். மார்கரெட் பல் பிரஷ்ஷைத் துடைத்துப் பைக்குள் போட்டுவிட்டார். பார்க்கவே பாவமாக இருந்தது. பாஷா பாய்க்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. தன் துண்டை எடுத்து அவரிடம் கொடுத்துவிட்டு, சிரிக்க வைக்க ஒன்று எடுத்துவிட்டார். "மத்தவங்க கூப்ட்டா ஏர்போர்ட்டா, பீச்சான்னு கேப்பா என் வூட்டுக்காரி. நீங்க போன் பண்ணாலே 'இன்னிக்கு எந்த கபர்ஸ்தான்?'னு தாயத்த எடுத்துக்கினு வரா மேடம்."

கப்பல் வந்தது

கல்லறைத் திருநாள் அன்று, சாந்தோம் தாண்டிக் கடலோரத்தில் ஒரு சின்னக் கோயில். அதன் கல்லறைத் தோட்டத்தில் கால் வைக்க இடமில்லை. சுண்ணாம்பு அடித்த கல்லறைகள், சாமந்தி, மெழுகுவர்த்தி, ஊதுவத்தி, குடும்பம் குடும்பமாக ஜனம். மதில் ஓரத்தில் ஒரு கருங்கல் பலகை. நடுவில், மூன்று பாய்மரத்தோடு, கப்பல்! தேய்ந்துபோன எழுத்தில் நத்தானியேல் பெயரில் பாதி. சுற்றிலும் சம்பங்கி மாலை, வரிசையாக மெழுகுவர்த்தி. தலைமாட்டில் ஒரு பெண் கண்ணை மூடி ஜெபம் செய்துகொண்டிருந்தார். பிலோமினா, குப்பத்தில் மீன் விற்பவர்.

யாருமில்லாத கல்லறைக்கு யார் மாலை போடுவார்கள்? மார்கரெட் அப்படித்தான் கணக்குப் போட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் ஓடிப்போய் பிலோமினாவைக் கட்டிக்கொண்டு, "அன்னா, அன்னா" என்று தேம்பித் தேம்பி அழுதுவிட்டார். பிலோமினா திகைத்துப் போனாலும் அவரை உதறவில்லை, முதுகைத் தடவிக்கொடுத்தார். அவர் தோளுக்கு மேலே என்னைப் பார்த்துக் கேட்டார்: "யக்கா, இந்தம்மா எங்க நைனாவுக்கு இன்னா வோணும்?"

குழி

நைனாவா! நத்தானியேலின் கல்லுக்குக் கீழே இவருடைய அப்பாவா? நம் ஊர்க் கல்லறைகளில் இடம் ஏது? ஒருவரைப் புதைத்துப் பல வருஷம் ஆனால், அதே குழியைத் திறந்து அடுத்தவரை வைப்பது வழக்கம். பிலோமினாவின் அப்பா தவறியபோதும் அதுதான் நடந்திருக்கிறது. "எடமே இல்லன்னுட்டாங்க யக்கா. இந்தக் குழிய கேக்க ஆளில்ல. கல்லுல கப்பல் வேற கீது. நைனா கடலுக்குப் போனவரு, அவருக்கு இதான் தோதுன்னு வச்சிட்டு, கல்ல திரும்ப மூடிட்டோம்." சொல்லும்போதே அவர் முகம் மாறியது. "கல்லுக்குச் சொந்தக்காரங்க வந்துட்டாங்களா? நைனாவ வெளிய எடுத்துடுவாங்களா?"

மாலை நத்தானியேலுக்கு இல்லை. மார்கரெட்டோ புடவைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பிலோமினா என்ன சொன்னார் என்று கேட்க என் வாயையே பார்க்கிறார். ஆமாம் அம்மா, அன்னாவின் வம்சம்தான் என்று ஒரு பொய் சொன்னால் குடியா முழுகிவிடும்? நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் பொய்யான உறவுக்கு வருஷா வருஷம் வாழ்த்து அனுப்ப வைப்பது பாவம் இல்லையா? உள்ளதைச் சொன்னேன். அன்னாவைப் பற்றி இவருக்கு ஒன்றும் தெரியாது, கீழே இருப்பது இவருடைய அப்பா, அவரை நீங்கள் அப்புறப்படுத்திவிடுவீர்களோ என்று பயப்படுகிறார் என்று.

மார்கரெட் ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கப்பலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு, "அவர் அப்பா அங்கேயே இருக்கட்டும். இத்தனை காலம் நத்தானியேல் தனியாக இருந்தாரே என்று நினைத்தேன்" என்றார். அதையும் மொழிபெயர்த்தேன். மார்கரெட் எழுந்து, மாலை நேர விமானத்துக்குப் போகவேண்டும் என்று புடவைப் பையோடு திரும்பினார். பிலோமினா எட்டி அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேரும் ஒரே குழில படுத்துக்கினு கீறாங்க. இதுக்கு மேல இன்னா சொந்தம் வோணும்? சாப்ட்டுத்தான் போவணும்னு சொல்லு."

அட்டை

வஞ்சிர வறுவல் சாப்பிட்டுக் கிளம்பும்போது புடவை கைமாறியது. டிசம்பரில் பிலோமினா மயில்கழுத்துப் புடவையைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, ஒரு வாழ்த்து அட்டையைப் படிக்கச் சொன்னார். படித்தேன். பதில் எழுதச் சொன்னார், எழுதினேன். மூன்று வருஷமாக நடக்கிறது. அன்னாவுக்குக் கீழே இன்னும் வெள்ளைக் காகிதம்தான். போன தடவை அட்டையை மடித்து வைத்துக்கொண்டே பிலோமினா சொன்னார்: "வர்ற கல்லறைத் திருநாளுக்கு ரெண்டு மாலையா வாங்கிடறேன்னு எழுது யக்கா. ஒண்ணு அவங்க ஆளுக்கு."

இப்போதெல்லாம் மண்டபத்தில் யாராவது கையைப் பிடித்து "நான் உனக்கு என்ன உறவு, சொல்லு பார்ப்போம்" என்று மடக்கினால், "நாம் ஒரே குழியா?" என்று கேட்க வாய் துறுதுறுக்கிறது, கல்யாண வீடாயிற்றே என்று அடக்கிக்கொள்கிறேன்.